பத்து வாய்ச் சொல்

மேற்குக் கடலில் பிறக்கிற காற்று டென்மார்க்கின் மற்ற ஊர்களுக்குப் போகுமுன் எங்கள் ஹேடவாட்டுக்கு வந்து, குடைகளை முறித்து, சைக்கிள்களைச் சரித்து, தேவாலயக் கூரையில் இரண்டு ஓடுகளையாவது கழற்றிவிட்டுத்தான் போகும் என்பது இங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். அப்படியொரு மாசி மாதத்துக் காற்று ஓய்ந்த மறுநாள் காலையில் எங்கள் ஊரின் நீளச் சொற்கள் எல்லாம் துண்டு துண்டாகிக் கிடந்தன.

டேனிஷ் மொழியில் நீளச் சொல் என்றால் சும்மா நீளமில்லை. இரண்டு சொல்லை, மூன்று சொல்லை, மனம் வந்தால் ஐந்து சொல்லைக் கூட இடைவெளி விடாமல் ஒட்டி, ஒன்றின் வாலில் மற்றதைக் கட்டி, இதுவும் ஒரே சொல்தான் என்று முகத்தில் சிரிப்பில்லாமல் சொல்லுவார்கள். அந்தச் சொற்கள்தான் உடைந்தன. பாண், மழை, பால், அம்மா, ஓம், வேண்டாம் போன்ற சின்னச் சொற்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை.

முதலில் தெரியவந்தது டொக்டர் வீட்டில்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெடியனைத் தொட்டுப் பார்த்த தாதி, குடல்வால் வீங்கியிருக்கிறது என்று சொல்லப்போய், அந்த நோயின் பெயரை ‘ப்ளின்’ என்று தொடங்கியதும் வாய் மூடிக்கொண்டது. காத்திருந்த பெண் பத்திரிகையில் இருந்து தலையை நிமிர்த்தாமலே ‘தாம்ஸ்’ என்றாள். மடியில் இருந்த அவள் குழந்தை ‘பி’ என்றது. சுவர் ஓரம் நின்ற தபால்காரர் ‘டென்’ என்றார், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர் ‘எல்’ என்றார், பெடியன் தன் வலியின் கடைசித் துண்டைத் தானே ‘ஸ’ என்று முனகி முடித்தான். சொல் முடிந்ததும் அம்புலன்ஸ் வந்தது. துண்டுக்காரர் எல்லோரும் அன்றைக்கு அங்கேயே இருந்தது அவன் நல்ல காலம்.

அன்று மாலைக்குள் ஊருக்குச் சங்கதி விளங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு துண்டு. அவரவர் துண்டு அவரவர் வாயில்தான் வரும், அதுவும் ஒரு சொல்லுக்குள் என்றால் முறைப்படி தன் இடம் வரும்போதுதான் வரும். இன்னொருவர் துண்டை நீங்கள் தலைகீழாக நின்றாலும் சொல்ல முடியாது, எழுதப்போனால் பேனை அதே இடத்தில் நின்றுவிடும். டேனிஷ்காரர்கள் இதற்காகத் தலையில் கை வைக்கவில்லை. பனி கொட்டினால் மண்வாரி எடுக்கிற மாதிரி, வீட்டுக் கதவில் பெயருக்குக் கீழே தங்கள் துண்டையும் எழுதி ஒட்டினார்கள். பஸ் சாரதி தரிப்பிடங்களின் பெயர் சொல்ல மூன்று பேரை நிரந்தரமாக ஏற்றிக்கொண்டு திரிந்தார். வேலி உயரத்துக்காகச் சண்டை பிடித்து வருஷக்கணக்காக முகம் பாராமல் இருந்த இரண்டு அயலவர்கள், பல்வைத்தியரிடம் நேரம் கேட்பதற்காகக் கையைக் கோத்துக்கொண்டு வரிசையில் நின்றதை நாங்களே கண்ணால் கண்டோம். லீவுக்கு ஸ்பெயின் போகிறவர்கள் தங்கள் துண்டு ஊருக்கு எந்தக் கிழமைகளில் கிடைக்காது என்று கடைக் கண்ணாடியில் அறிவித்துவிட்டுப் போனார்கள்.

ஹேடவாட் தமிழர்களான எங்களுக்கு, உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு புளுகம், வெளியே காட்டாத சந்தோஷம். வாய்க்குள் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரியான இந்தப் பாஷையை வந்த நாள் தொடக்கம் படித்தும், நீளச் சொல் வருகிற இடத்தில் மட்டும் இருமிச் சமாளித்து வந்தவர்கள் நாங்கள். இப்போது ஊரில் ஒருவருக்குமே அது வராது. எங்கள் எல்லோருக்கும் மொழிபெயர்த்துத் தந்த குகபாலன் அண்ணைக்கு மட்டும்தான் முகம் விழுந்துபோனது. சொற்களின் நீளத்தால் பெரிய மனிதராக இருந்தவருக்குக் கடைசியில் வாயில் ஒரு ‘கஸ்’ மட்டும் மிஞ்சியது, அதுவும் யாருக்கும் அதிகம் தேவைப்படாத ‘கஸ்’.

துண்டுகள் யாரைத் தேடிப் போயின என்பதில்தான் ஊருக்குக் கொஞ்சம் மூளை குழம்பியது. கோடைக்கு மட்டும் வந்து போகிற, ஊரில் பெரிய வீடும் பதிவும் வைத்திருக்கிற கொப்பன்ஹேகன் வழக்கறிஞருக்கு ஒரு துண்டும் கிடைக்கவில்லை. பன்றித் தொழிற்சாலைக்குப் பின்னால் கரவன் வண்டியில் படுக்கிற, எந்தப் பதிவும் இல்லாத ருமேனியக்காரனுக்கு அழகான ஒரு துண்டு கிடைத்தது. ஊரைவிட்டுப் போன பல்வைத்தியருக்கு வட்டச் சந்தி தாண்டியதும் வாயில் இருந்தது கழன்றது, அன்று பிறந்த குழந்தையின் அழுகையில் அது கேட்டது. கொம்யூன் என்று நாங்கள் சொல்லும் நகரசபை கொஞ்ச நாள் யோசித்துவிட்டு, துண்டு உள்ளவரே ஹேடவாட் ஊரவர், ஊரவர் அல்லாதவருக்குத் துண்டு இல்லை என்று வாசலில் பலகை நட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

இனித் தவமலரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தவமலர் ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டல்களுக்கும் சீலை வெளுக்கிற சலவை ஆலையில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். புருஷன் கடைசி யுத்தத்தில் செத்துப்போனார். மகள் சுடர்நிலாவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, கூட்டிப்போகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் ஒருவருக்குத்தான் இடம் என்று சொல்ல, பிள்ளையை வவுனியாவில் தமக்கையிடம் விட்டுவிட்டு இவள் வெளிக்கிட்டவள். வருகிற ஆடியோடு சுடர்நிலாவுக்குப் பதினைந்து. பதினைந்து ஆகிவிட்டால் பிள்ளை என்ற கணக்கில் அவளைத் தாயிடம் அழைக்க முடியாது. இத்தனை வருஷமும் வதிவிட அனுமதி, வேலை, வீடு, பாஷைப் பரீட்சை என்று கொம்யூன் கேட்டதை எல்லாம் ஒவ்வொன்றாய் முடித்து, கடைசியாக அந்த விண்ணப்பத்தைப் போடலாம் என்று வந்து நின்ற மாசி மாதத்தில்தான் காற்று அடித்து, விண்ணப்பத்தின் பெயரே உடைந்துபோனது.

குடும்பத்தை ஒன்றுசேர்க்கக் கேட்கும் விண்ணப்பம் என்று தமிழில் நாங்கள் மூச்சு விட்டு விட்டுச் சொல்வதை, டேனிஷில் ஒரே சொல்லாகச் சொல்ல வேண்டும். ஃபா-மீ-லியே-சம்-மென்-ஃபோ-ரிங்ஸ்-ஆன்-சோக்-னிங். பத்துத் துண்டு. பேனையும் ஓடாது என்பதால் கொம்யூன் ஒரு விதி வைத்திருந்தது: கேட்கிற காரியத்தின் பெயரை உரியவர்கள் வந்து மேசைக்கு முன்னால் நின்று, இடையில் அறாமல், முழுதாகச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்படாத காரியம் கொம்யூனைப் பொறுத்தவரையில் இல்லாத காரியம். வேறு யாராவது என்றால் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பியிருப்பார்கள். தவமலர் வேலை முடிந்த கையோடு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறி, தெருத் தெருவாகக் கதவுகளை வாசிக்கத் தொடங்கினாள்.

அவள் வாயில் இருந்தது ‘ஃபோ’. ‘ஃபா’ பேக்கரிக்காரியிடம் இருந்தது, ‘மீ’ குர்திஷ் முடிவெட்டுக்காரரிடம், ‘சோக்’ அந்த ருமேனியக்காரனிடம் இருந்தது. ‘ரிங்ஸ்’ வேறெங்கும் இல்லை, விண்ணப்பம் வாங்குகிற கொம்யூன் உத்தியோகத்தர் இங்க-லீஸ் அம்மாவிடமே இருந்தது. அந்த அம்மா களைத்த, நேர்மையான மனுசி. தன் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து வரிசையில் நின்று தன்னிடமே விண்ணப்பிப்பது சரியா என்று மேலிடத்தில் கேட்டு, சரி என்று பதில் வந்த பிறகுதான் தலையாட்டினார். மற்றத் துண்டுக்காரரும் டேனிஷ் வழக்கப்படி கலண்டரைப் புரட்டி, மாதங்கள் தள்ளி ஆனியில் ஒரு நாள் சொல்லி, அந்த நாளில் சொன்ன நிமிஷத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

இடறியது ‘சம்’. அது ஓவே மொய்கோவிடம் இருந்தது. ஊருக்கு வெளியே, காற்று முதலில் முட்டுகிற வீட்டில் தனியே இருக்கிற கிழட்டுப் பன்றிப் பண்ணைக்காரர். மனைவி செத்ததில் இருந்து எவரோடும் கதை இல்லை. வெளிநாட்டுக்காரர் வந்து ஊர் கெட்டுப்போயிற்று என்று அதற்கு முன்னால் கதைத்துத் திரிந்தவர். சொற்கள் உடைந்த முதல் கிழமையில் யாரோ போய்க் கேட்டதற்கு ‘நை தக்’ என்று கதவைச் சாத்தினாராம். நை தக் என்றால் வேண்டாம், நன்றி. அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒரு குருவி அந்தப் பக்கம் போகவில்லை. ‘சம்’ வருகிற சொற்களையே ஊர் கைவிட்டுவிட்டது, அவற்றில் பாதி சேர்ந்து வேலை செய்வது, சேர்ந்து பேசுவது பற்றிய சொற்களாக இருந்தும்.

தவமலர் போனாள். ஓவே நை தக் என்றார். அடுத்த ஞாயிறு உருளைக்கிழங்கு வைத்துப் பற்றிஸ் பொரித்து, துணியில் சுற்றிக்கொண்டு போனாள். நை தக். அதற்கடுத்த ஞாயிறு ரோல்ஸ். கதவு திறந்த வேகத்திலேயே சாத்தியது. குகபாலன் அண்ணைக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. அவளைக் கடையில் மறித்து, இந்த நாட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இரண்டாந்தரம் கேட்பதே மரியாதைக் குறைவு, எங்கள் எல்லோருடைய பெயரையும் கெடுக்காதே என்று நீளமாகச் சொன்னார். நீளச் சொல்லை இழந்தவர் நீள வசனத்தில் ஆறுதல் தேடினார் என்று நாங்கள் பிறகு கதைத்துச் சிரித்தோம்.

தவமலர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அண்ணை, எங்கட வீட்டுக்கு ஆரும் வந்து, நாங்கள் தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேட்டா என்ன சொல்லுவினம்? வேண்டாம் எண்டுதான். அதோட விட்டிட்டா, வெறும் வாயோட அனுப்பிப்போட்டாள் எண்டு ஊர் முழுக்கச் சொல்லுவினம். ஒருக்காக் கேக்கிறது கேள்வியே இல்லை.”

“அது யாழ்ப்பாணம், தங்கச்சி. இது ஹேடவாட்.”

“பசி ரெண்டு இடத்திலயும் ஒண்டுதான்,” என்றாள் அவள், உப்புப் பைக்கற்றை எடுத்துக்கொண்டு.

அவள் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறாள் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அந்த மனுசன் உபசாரத்துக்கு வேண்டாம் சொல்கிற ஆளில்லை, உள்ளங்காலில் இருந்து வேண்டாம் சொல்கிற ஆள். ஆனால் சித்திரை கழிந்து வைகாசி வந்து, தெருவோரப் புல்லெல்லாம் மஞ்சள் பூவாகியும் தவமலரின் சைக்கிள் ஞாயிறு தவறாமல் எதிர்காற்றில் போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு ஓவே கதவைச் சாத்தாமல் வெளியே வந்தார். அவளுடைய துணிப் பொதியை முறைத்துப் பார்த்தார். உனக்கு டேனிஷ் விளங்காதா என்று கேட்டார். விளங்கும், வேண்டாம் என்கிறீர்கள் என்றாள். அப்போ நீ நிறுத்தப்போவதில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்படியென்றால் கொம்யூனில் எத்தனை மணிக்கு என்று கேட்டார் அவர். பொதியையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

இப்படி ஒன்பது துண்டும் சேர்ந்தது. பத்தாவதாகிய ‘னிங்’ ஊரில் எங்கேயும் இல்லை. கதவு கதவாகத் தேடியாயிற்று, முதியோர் இல்லத்தில் தேடியாயிற்று, பிறந்த குழந்தைகளின் தொட்டிலுக்குள் காது வைத்துக் கேட்டாயிற்று. ‘னிங்’ இல்லாத ஊரில் மின்சார பில் என்ற சொல்லைக் கூட யாராலும் முடிக்க முடியவில்லை, அதுபற்றி எவரும் வருத்தப்படவும் இல்லை. தவமலர் மட்டும் மெலிந்துபோனாள். விரிப்பு மடிக்கும்போது எதிர்முனையைப் பிடிக்கிறவள் சொன்னாள், இப்போதெல்லாம் துணியை இவள் இழுக்கிற இழுப்பில் கை வலிக்கிறது என்று.

வழக்கமாக எடுக்கிற நாளில் தமக்கைக்கு ஃபோன் எடுத்தபோது இதைச் சொல்லி, எல்லாம் கிடைச்சிட்டுது அக்கா, இந்தப் பாழாப்போன ‘னிங்’ ஒண்டுதான் இல்லை என்று அழுதாள். தமக்கை மெதுவாகச் சொன்னாள், உன்ர மகள் மாசி மாசம் தொடக்கம் நித்திரையில அதைத்தான் பிசத்துறாள், நான் காத்துக் கறுப்பு எண்டு திருநீறு கூடப் போடுவிச்சனான் என்று.

சந்தோஷப்படத் தவமலருக்குத் தெரியவில்லை. ஏனென்றால் ஊர் முழுக்கத் தெரிந்த, ஆனால் நாங்கள் எவரும் அவளிடம் கேட்காத சங்கதி ஒன்று இருந்தது: சுடர்நிலா தாயோடு கதைப்பதில்லை. பெரியம்மா ஃபோனை நீட்டினால் எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவாள். உடுப்பு அனுப்பினால் போடுவாள், படம் அனுப்பினால் பார்ப்பாள், வாய் திறக்க மாட்டாள். வருஷங்களாக அப்படித்தான். இப்போதும் ஃபோனுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

குறித்த நாள் வந்தது. நாள் மாற்றினால் ஆடிக்கு முன்னால் ஒன்பது பேரையும் மறுபடி ஒரு நாளில் பிடிக்க முடியாது என்று தெரிந்து, தவமலர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கொம்யூனுக்குப் போனாள். நாங்களும் போய்ச் சுவரோரம் நின்றோம். ஓவே, கலியாண வீட்டுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தவமலர் கைத்தொலைபேசியை எடுத்து, தமக்கையின் இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

இங்க-லீஸ் அம்மா அது என்ன என்று கேட்டார். பத்தாவது ஆள் என்றாள் தவமலர். ஊரவர் அல்லாதவரின் துண்டு செல்லாது என்றார் அந்த அம்மா, குரலில் உண்மையான வருத்தத்தோடு. அப்போது குகபாலன் அண்ணை முன்னால் வந்தார். ஊரவர் அல்லாதவருக்குத் துண்டே இல்லை என்று நீங்கள்தானே வாசலில் பலகை நட்டிருக்கிறீர்கள், பிள்ளையிடம் துண்டு இருக்கிறதென்றால் பிள்ளை யார் என்று கேட்டார். இங்க-லீஸ் அம்மா வாசல் பக்கம் பார்த்தார், யோசித்தார், பிறகு எழும்பி மேசையைச் சுற்றி வந்து வரிசையில் தன் இடத்தில் நின்றார். சொல்லட்டும், கேட்போம் என்றார்.

ஃபா என்றாள் பேக்கரிக்காரி. மீ, லியே என்று போய், ஓவேயின் முறை வந்தபோது அவர் தொண்டையைச் செருமாமல் ‘சம்’ என்றார், மாதக்கணக்காக நாலு பேர் முன்னால் பேசாத குரல் அறை முழுக்க நின்றது. மென். தவமலர் ஃபோ. ரிங்ஸ், ஆன், சோக். அத்தோடு நின்றது. ஃபோனுக்குள் வவுனியாவின் மின்விசிறி ஒன்று சுழல்கிற சத்தம் மட்டும் கேட்டது. சொல் அறுந்து விழுந்தது.

“சுடர்,” என்றாள் தவமலர். “பக்கத்திலதான் நிக்கிறியோ?”

விசிறிச் சத்தம்.

“அம்மா கேக்கிறன் பிள்ளை. சொல்லனம்மா.”

அப்போதுதான் நாங்கள் அந்தக் குரலைக் கேட்டோம். சின்னப்பிள்ளைக் குரலாக இருக்கும் என்று நினைத்திருந்தோம், அது தாயின் குரலாகவே இருந்தது.

“நீங்கள் வெளிக்கிடேக்க என்னட்டக் கேட்டனீங்கள், அம்மா போகட்டோ எண்டு. நான் வேண்டாம் எண்டனான். நீங்கள் திருப்பிக் கேக்கேல்லை.”

தவமலர் மேசையைப் பிடித்துக்கொண்டாள். நாட்டை, வீட்டை, யாரையாவது விட்டுவிட்டு வராதவர்கள் அந்தச் சுவரோரம் ஒருவரும் இல்லை. இனி இவள் அழுவாள், ஃபோன் வைபடும், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தோம்.

அவள் அழவில்லை. “ஓம், கேக்கேல்லை,” என்றாள். “ரெண்டாந்தரம் கேட்டு, நீ ரெண்டாந்தரமும் வேண்டாம் எண்டா என்னாலை வெளிக்கிட ஏலாது எண்டு தெரியும். அந்தப் பயத்திலை கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். என்னட்ட வாறியே?”

“வேண்டாம்.”

“வாறியே பிள்ளை?”

“வேண்டாம்.”

வரிசையில் நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒருவரும் அசையவில்லை, இங்க-லீஸ் அம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஓவே குகபாலன் அண்ணையின் பக்கம் குனிந்து, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு, நை தக் என்கிறாள் என்றார்.

ஓவே சிவந்த முகத்தோடு தவமலரைப் பார்த்தார். “இன்னொரு தரம் கேட்கச் சொல்லுங்கள்,” என்றார்.

மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. தவமலர் ஃபோனுக்குக் கிட்டக் குனிந்து, முந்தி எத்தனை தரம் கேட்டாளோ இனி எத்தனை தரம் கேட்கப்போகிறாளோ அத்தனைக்கும் ஒரே குரல்தான் என்கிற மாதிரி, அவசரம் இல்லாமல், கெஞ்சாமல், கேட்டாள்.

“வாறியே, சுடர்?”

விசிறி சுழன்றது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியவில்லை.

“எல்லாரையும் முதல்ல இருந்து திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ,” என்றது அந்தக் குரல். “நடுவில இருந்து எனக்கு வராது.”

பேக்கரிக்காரி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். ஃபா என்றாள். மீ, லியே, சம், மென் என்று சொல் ஆள் மாறி ஆள் மாறி வந்து, தவமலரின் வாயில் ஒருகணம் நடுங்கிக் கடந்து, உத்தியோகத்தரையும் ருமேனியக்காரனையும் தாண்டி, வரிசை முடிந்த இடத்தில் மேசையில் கிடந்த ஃபோனுக்குள் இறங்கியது. தூரத்து ஃபோன்களில் குரல் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அந்தக் கொஞ்ச நேரம் ஹேடவாட்டில் யாரும் மூச்சு விடவில்லை.

“னிங்,” என்றாள் சுடர்நிலா, வவுனியாவில் இருந்து.